யானையின் காதில் சொன்னது

இல்லக்கா, நீங்க ஜன்னல் பக்கமே உக்காருங்க. பாப்பா வெளியே பார்த்துக்கிட்டு வரட்டும். நான் விருதுநகர் தாண்டினதும் இறங்கிருவேன், எனக்கு எந்தப் பக்கமா இருந்தா என்ன.

மன்னிச்சிருங்கக்கா. நீங்க பாப்பாவை "கொரங்கே, செத்த சும்மா இரு"ன்னு அதட்டினப்போ, நான் சட்டுன்னு "அப்படிச் சொல்லக் கூடாதுங்க"ன்னுட்டேன். உங்க பிள்ளை, நீங்க வையுறீங்க. எனக்கென்ன வந்தது? பழக்கதோஷம். என் வேலையே அதுதான். வேலையா இருந்தது. இருக்கா, இருந்ததான்னு எனக்கே இன்னும் தெரியல.

சொல்லலாம்தான். சொன்னா நீங்களே நியாயம் சொல்லுங்க. நான் கூட்டிக் குறைச்சுச் சொல்ல மாட்டேன், எனக்கு அது வராது.

மதுரையில ஒரு குழந்தைகள் மையம். பேரு வேண்டாம். அடுத்த பிள்ளையைக் கடிக்கிற பிள்ளை, சுவத்துல தலையை முட்டிக்கிற பிள்ளை, கோபம் வந்தா நாற்காலியைத் தூக்கி எறியிற பிள்ளை, எதுக்கெடுத்தாலும் பயந்து ஒடுங்கிப் போற பிள்ளை, இப்படிச் சின்னப் பிள்ளைங்களா வருவாங்க. ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது. விளையாட்டும் பேச்சும்தான் வைத்தியம். நான் உளவியல் படிச்சவ. எங்க வீட்டுல காலேஜுக்குப் போன முதல் ஆளு. எங்கம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குறாங்க. தெருவுல போறவங்க வர்றவங்ககிட்டயெல்லாம் "எம்மக மாரீஸ்வரி மதுரையில டாக்டரு"ன்னு சொல்லி வச்சிருக்காங்க. டாக்டர் இல்லம்மா, தெரபிஸ்ட்டுன்னா, "அந்த எழவு வாயில நுழையலையே"ங்கிறாங்க. ஊருக்கெல்லாம் டாக்டரு. என்கிட்ட பேசும்போது மட்டும் மூதி, கழுதை. அதை அப்புறம் சொல்றேன்.

எனக்குன்னு தனியாக் கொடுத்த முதல் பிள்ளை லிங்கேஷ். அஞ்சு வயசு. கூட்டிட்டு வந்த அன்னைக்கே எங்க வாசல்ல வச்சு அவங்க அம்மா கையைக் கடிச்சான். கடின்னா சும்மா இல்ல, பல்லு பதிஞ்சு ரத்தம் கட்டிருச்சு. அந்தம்மா அவன் முதுகுல ஓங்கி ஒரு அறை விட்டு, "சனியனே, நீ எதுக்குடா எனக்குன்னு வந்து பொறந்த"ன்னு கத்துனாங்க. செல்வின்னு பேரு. செல்வியக்கான்னுதான் நான் கூப்பிடுவேன். வீட்டுக்காரரு லாரி ஓட்டுறாரு. வடக்கே போனா வர மாசக் கணக்காகும். பள்ளிக்கூடத்துல வேற, அரையாண்டு லீவு வரைக்கும் பார்ப்போம், அதுக்கப்புறமும் கடிச்சா வேற இடம் பார்த்துக்கோங்கன்னு சொல்லிட்டாங்க.

மையத்தை நடத்துறது ரெபேக்கா மேடம். "மாரீஸ்வரி, இவனை நீயே பாரு"ன்னாங்க. அன்னைக்கு நான் சாப்பிடல. பயம். நம்மளை நம்பி ஒரு பிள்ளையைக் கொடுக்கிறாங்களே, நாம எதையாவது தப்பாச் சொல்லி அது அந்தப் பிள்ளை மனசுல ஒட்டிக்கிட்டா? எங்க வீட்டுல கேட்டுத் தெரிஞ்சுக்க யாரு இருக்கா? புஸ்தகத்தைத்தான் திரும்பத் திரும்பப் படிச்சேன்.

எப்படின்னா, ஒரு அறை இருக்கும். பாய், கட்டை, பொம்மை எல்லாம் போட்டிருக்கும். அம்மாவும் பிள்ளையும் மட்டும் உள்ளே விளையாடுவாங்க. ஒரு சுவத்துல பெரிய கண்ணாடி. உள்ளே இருக்கிறவங்களுக்கு அது முகம் பார்க்கிற கண்ணாடி. அந்தப் பக்கம் சின்ன அறையில இருக்கிற எனக்கு அது ஜன்னல். அம்மா காதுல ஒரு சின்ன ஒலிக்கருவி மாட்டிவிட்டிருப்போம், முடிக்குள்ள இருக்கிறது வெளியே தெரியாது. நான் மைக்ல மெதுவா சொல்லுவேன். "இப்போ அவன் கட்டையை அடுக்குறான், அதைச் சொல்லிக் காட்டுங்க. இப்போ பாராட்டுங்க. இப்போ கத்துறான், கண்டுக்காதீங்க." நான் சொல்றதை அவங்க அவன்கிட்ட சொல்லணும். ஏவக் கூடாது, கேள்வி கேக்கக் கூடாது, குத்தம் சொல்லக் கூடாது. பிள்ளை செய்யிறதைப் பார்த்து, பின்னாலயே போகணும். கெட்டதைச் செய்யிறப்போ மட்டும் கிடைச்ச கவனிப்பு, நல்லதைச் செய்யிறப்போவும் கிடைச்சா பிள்ளை மாறும். உண்மைதான்க்கா, மாறும்.

நான் என்ன செஞ்சேன், வீட்டுல உக்காந்து ஒவ்வொரு வாக்கியமா யோசிச்சு வச்சேன். வார்த்தை தப்பாப் போயிரக் கூடாதுல்ல. "லிங்கேஷ், நீ சிவப்புக் கட்டையின் மேல் மஞ்சள் கட்டையை மிக அழகாக வைத்திருக்கிறாய்." நல்ல வாக்கியம்தானே? செல்வியக்கா அதை ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி அப்படியே சொன்னாங்க. அந்தப் பய கட்டையைக் கீழே வச்சுட்டு அவங்க மூஞ்சியையே பார்த்தான். "அம்மா, உனக்குச் சாமி வந்துருச்சா?"ன்னு கேட்டான். அப்புறம் பயந்து அழ ஆரம்பிச்சவன் கையில இருந்த கட்டையைக் கண்ணாடி மேல எறிஞ்சான். நான் இந்தப் பக்கம் குனிஞ்சுட்டேன்.

சரி, பழகப் பழக வரும்னு விட்டேன். ஆனா அந்தக்காவுக்கு வையாம ஒரு வார்த்தை பேச வராது. "எடுபட்ட பயலே, இங்க வை"ம்பாங்க. "களவாணிப் பயலே, இதை எங்கடா ஒளிச்ச"ம்பாங்க. நான் மைக்ல, "வசவு வேண்டாம், வசவு வேண்டாம்"னு சொல்லிக்கிட்டே இருப்பேன். கோபத்துல வைஞ்சாலும் வசவு, சிரிச்சுக்கிட்டு வைஞ்சாலும் வசவு. ரெண்டும் ஒண்ணுதானேக்கா? பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

இன்னொண்ணு. ஒவ்வொரு தடவையும் உள்ளே போறதுக்கு முன்னாடி அவன் கன்னத்துல மையைத் தொட்டு ஒரு பொட்டு வைப்பாங்க. நான் பாராட்டச் சொல்லுவேன்ல, பாராட்டுவாங்க, உடனே தூ தூன்னு துப்புற மாதிரி செஞ்சு ரெண்டு கையாலயும் நெட்டி முறிப்பாங்க. விளையாட்டு அப்படியே நின்னுரும். ஒரு நாள் வெளியே வந்ததும், இதெல்லாம் எதுக்குக்கான்னு கேட்டேன்.

"டீச்சர், எம்புள்ளைய நானே கெட்டிக்காரன், அழகன்னு சத்தம் போட்டுச் சொல்லச் சொல்றீங்க. அந்தப் பக்கம் யாரோ உக்காந்து பார்த்துக்கிட்டே இருக்காங்க. கண்ணு படாதா?"

"யாரோ இல்லக்கா, நான்தானே பார்க்கிறேன். என் கண்ணா படும்?"

அந்தக்கா குனிஞ்சு அவன் செருப்பை மாட்டிவிட ஆரம்பிச்சுட்டாங்க. நீங்களே சொல்லுங்க, அது பதில் இல்லையா? அந்தப் பிள்ளைக்காக நான் தூங்காம யோசிக்கிறேன், என் கண்ணு கொள்ளிக்கண்ணா? அப்பவும் நான் மனசுல வச்சுக்கல. பொட்டு இருக்கட்டும், நெட்டி முறிக்கிறது மட்டும் உள்ளே வேண்டாம்னு சொல்லிட்டேன். சரிங்க டீச்சர்னாங்க. எல்லாத்துக்கும் சரிங்க டீச்சர்தான்.

செத்த இருங்க, போன் அடிக்குது. எங்கம்மா. இப்ப எடுத்தா நாயே பேயேன்னு ஆரம்பிப்பாங்க. அப்புறம் பேசிக்கிறேன்.

தீபாவளிக்கு முன்னாடி ஒரு மழை பெஞ்சதே, ஞாபகம் இருக்கா? அந்த மழையில எங்க கட்டடத்துல தண்ணி இறங்கி, விளையாட்டு அறையில பேசுறது எனக்குக் கேக்கிற ஸ்பீக்கர் போயிருச்சு. நான் பேசுறது அவங்க காதுக்குப் போகும், அவங்க பேசுறது எனக்கு வராது. எலக்ட்ரீஷியன் இன்னைக்கு வர்றேன் நாளைக்கு வர்றேன்னு இழுத்துக்கிட்டே இருந்தாரு. மேடம், "அதுவரைக்கும் பார்த்தே சமாளி"ன்னாங்க. சமாளிச்சேன். ஊமைப் படம் மாதிரி. நான் சொல்லுவேன், அந்தக்கா வாய் அசையும், அவன் திரும்பிப் பார்ப்பான்.

அதுக்கப்புறம்தான் அந்தப் பிள்ளை மாறினான்.

நான் பொய் சொல்லல. கண்ணால பார்த்தேன். முதல்ல கட்டையை எறியிறது நின்னது. அப்புறம் அம்மா மடியில சாய ஆரம்பிச்சான். அவன் கத்தினா அந்தக்கா அடிக்க ஓடாம வேற பக்கம் திரும்பி உக்காந்துக்குவாங்க, அவன் அடங்கினதும் திரும்பிச் சிரிப்பாங்க. எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. நான் இங்க இருந்து, "எவ்வளவு பொறுமையாக அடுக்குகிறாய் என்று சொல்லுங்க"ன்னா, அங்க உதடு அசையும், அவன் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பான். என் வாக்கியத்துக்கு ஒரு பிள்ளை அப்படிச் சிரிக்கிறான்! எனக்கு அந்தச் சின்ன அறையில நெஞ்செல்லாம் பொங்கும். பள்ளிக்கூடத்துல கடியும் நின்னுருச்சு. லீவுக்கப்புறமும் வரட்டும்னு சொல்லிட்டாங்க. செல்வியக்கா வந்து என் கையைப் பிடிச்சு, "அவன் எங்கயும் போக வேண்டாம் டீச்சர்"னு அழுதாங்க. அது அழுகைதான், அதை நான் இல்லைன்னு சொல்லல. ஆனா உங்களாலதான்னு ஒரு வார்த்தை சொல்லல. சரி, கடைசி நாள்ல சொல்லுவாங்கன்னு நினைச்சேன். எனக்கு அது ஒண்ணுதான் வேண்டியிருந்தது. நான் சொன்னது ஒரு பிள்ளைக்கு உதவுச்சுன்னு அந்தப் பிள்ளையோட அம்மா வாயால கேக்கணும். தப்பா?

போன வாரம்தான் கடைசி நாள். உள்ளே அவன் ஒரு துணி யானையை மடியில வச்சுக்கிட்டு அதுக்கு ஏதோ சோறு ஊட்டுறான். அந்தக்கா பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்து பேசிக்கிட்டே இருக்காங்க. சொல்லிக் கொடுக்க எனக்கு ஒண்ணுமே இல்ல. பார்த்துக்கிட்டே இருந்தேன். எனக்கு என்னமோ ஆயிருச்சு. மைக்கைப் பிடிச்சு, சொல்லக் கூடாததையெல்லாம் சொன்னேன். தொழில்ல அப்படிச் சொந்தக் கதை பேசக் கூடாதுக்கா. ஆனா பேசிட்டேன்.

"செல்வியக்கா, நீங்க அவனுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டாம், உங்களுக்கு மட்டும் சொல்றேன். எங்கம்மா என்கிட்ட இப்படி ஒரு நாளும் பேசினதில்ல. நான் பிளஸ் டூவுல பள்ளிக்கூடத்துலயே முதலா வந்தேன். ஓடி வந்து சொன்னேன். போடி கழுதை, பெரிய கலெக்டருன்னாங்க. அவ்வளவுதான். அன்னைக்குச் சாயங்காலம் என்னை வீட்டு முற்றத்துல உக்கார வச்சு, உப்பும் மிளகாயும் எடுத்துச் சுத்தி அடுப்புல போட்டாங்க. வீடு முழுக்க நெடி. பாராட்ட வந்தவங்களெல்லாம் இருமிக்கிட்டே ஓடிட்டாங்க. ஒரு நல்ல வார்த்தை கேக்காமலே வளர்ந்தவ நான். உங்க பிள்ளைக்கு அது கிடைக்குது. என்னால கிடைக்குதுன்னு நினைக்கிறப்போ..."

கண்ணாடி வழியாப் பார்க்கிறேன். செல்வியக்கா சிரிச்சாங்க. அவ்வளவு அழகா, தலையை ஆட்டி. எனக்காகத்தான் சிரிக்கிறாங்கன்னு நினைச்சேன். சத்தியமா நினைச்சேன்.

அந்த நேரம் பார்த்து மேடம் கதவைத் திறந்துக்கிட்டு வந்தாங்க. பின்னாடியே எலக்ட்ரீஷியன். "ஸ்பீக்கர் சரியாயிருச்சாம், போட்டுப் பாரு"ன்னு அவங்களே சுவிட்சைப் போட்டாங்க. இத்தனை நாள் கழிச்சு உள்ளே இருக்கிற சத்தம் வருது.

"அடேய் களவாணிப் பயலே, யானைக்கு எத்தனை உருண்டைடா உருட்டுவ? வயிறு வெடிச்சுரும்டா கழுதை. ஆத்தி, பையப் பைய ஊட்டுறதைப் பாரு, எங்க வீட்டுச் சமையக்காரரு! இந்தக் கை யாரு பெத்த கைடா, எடுபட்ட கையி!"

நான் வேண்டாம்னு சொன்ன அத்தனை வார்த்தையும். ஒண்ணு விடாம. அந்தப் பய கெக்கெக்கேன்னு சிரிக்கிறான். அப்புறம் யானையோட பெரிய காதைத் தூக்கிக் காட்டிக் கேக்கிறான்.

"அம்மா, இதுல இன்னும் கொய்ங்கொய்ங்னு கேக்குதா?"

"கேக்கும்டா. டீச்சரு பேசிக்கிட்டே இருப்பாங்க, பாவம். யானை கேக்கட்டும்."

அக்கா, அந்தக் கருவி யானை காதுக்குள்ள இருந்தது. நான் பேசினதெல்லாம், பிளஸ் டூ, மிளகாய் நெடி, எங்கம்மா, எல்லாம் ஒரு துணி யானைக்கிட்ட பேசியிருக்கேன்.

எலக்ட்ரீஷியன் சிரிச்சாரு. அவரை விடுங்க. மேடமும் சிரிச்சாங்க. நான் கண்ணாடியைக் காட்டி, "மேடம், பாருங்க, கழட்டி வச்சுட்டாங்க"ங்கிறேன். "தெரியும் மாரீஸ்வரி"ங்கிறாங்க. தீபாவளி கழிஞ்சு ஒரு நாள் செல்வியக்கா மேடம்கிட்ட போய் அழுதாங்களாம். காதுல ஒரு குரல் ஓடிக்கிட்டே இருந்தா பிள்ளை சொல்றது கேக்க மாட்டேங்குதுன்னு. மேடம், "முறையை விட்டுராதீங்க, வார்த்தை உங்களுதா இருக்கட்டும், தேவைப்படாதப்போ கழட்டிக்கோங்க"ன்னு சொல்லியிருக்காங்க. ரெண்டு பேருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

"ஏன் மேடம் என்கிட்ட சொல்லல?"

"சொல்லணும்னு இருந்தேன். நீ அவ்வளவு பயந்து பயந்து செஞ்சுக்கிட்டிருந்த. நீ சொல்லிக் கொடுத்ததெல்லாம் அவங்க செய்றாங்க, பார்த்தியா? அடிக்கல, ஏவல, அவன் பின்னாலயே போறாங்க. அதெல்லாம் நீ கொடுத்ததுதான்."

"ஆனா வையுறாங்களே மேடம்!"

"அதைக் காதால கேட்டுப் பாரு, மாரீஸ்வரி. முதல் நாள் வைஞ்சதும் இதுவும் ஒண்ணா?"

எனக்கு ஒண்ணாத்தான்க்கா கேட்டது. கழுதைன்னா கழுதைதானே. அதுல என்ன ராகம் இருக்கு?

வெளியே வந்ததும் செல்வியக்காவுக்கு என் முகத்தைப் பார்த்தே தெரிஞ்சுபோச்சு. "டீச்சர், கோவிச்சுக்காதீங்க. நீங்க சொன்ன முறையில ஒண்ணையும் நான் விடல. வார்த்தை மட்டும் வரல. உங்க வார்த்தையைச் சொன்னா அவன் என்னை யாரோ மாதிரி பார்க்கிறான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்ல? நீங்க அவ்வளவு ஆசையாப் பேசுவீங்களே."

ஆசையாவாம். அப்படின்னா எத்தனை வாரம் நான் அந்த இருட்டறையில உக்காந்து, யாரும் கேக்காத மைக்ல, "அருமை, மிக அருமை"ன்னு சொல்லிக்கிட்டிருந்திருக்கேன்? ரெண்டு பேரும் என்னைப் பாவம்னு பார்த்துக்கிட்டிருந்திருக்காங்க. திட்டியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன்.

இன்னும் கேளுங்க. அந்தப் பிள்ளை. அவனுக்காக எவ்வளவு பாடுபட்டேன்! கேட்டைத் தாண்டிப் போனவன் அம்மா கையை உதறிட்டுத் திரும்பி ஓடி வந்தான். என் காலைக் கட்டிக்கிட்டு, மூஞ்சியை அண்ணாந்து பார்த்து என்ன சொன்னான் தெரியுமா? "களவாணி டீச்சர், டாட்டா." களவாணி டீச்சர்! சொல்லிட்டு அவ்வளவு சிரிப்பு. செல்வியக்கா வாயில கையை வச்சுக்கிட்டாங்க. மேடம் என்னமோ எனக்குப் பட்டம் கொடுத்த மாதிரி முதுகுல தட்டுறாங்க. இத்தனை மாசம் மரியாதையான வார்த்தையாத் தேடித் தேடிக் கொடுத்ததுக்கு எனக்குக் கிடைச்சது அதுதான்.

மேடம் என்னை வேலையில நிரந்தரமாக்கிட்டாங்க. திங்கக்கிழமை புதுசா ஒரு பிள்ளை வருதாம், பெண் பிள்ளை, பேசவே பேசாதாம். "உன்கிட்டதான் கொடுக்கப் போறேன், ஊருக்குப் போயிட்டு வா"ன்னாங்க. நான் சரின்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. மறுபடி அந்த மைக் முன்னாடி உக்காந்தா, அந்தப் பக்கம் காது இருக்கா, யானை இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?

மறுபடி போன். எடுத்துத்தான் ஆகணும், இல்லைன்னா விட மாட்டாங்க. சத்தமா வேற பேசுவாங்க, உங்களுக்கே கேக்கும்.

"ஆங், சொல்லும்மா."

"ஏ மூதி! போனை எடுக்க என்னட்டி கேடு? பஸ்ஸு எங்க வருது?"

"விருதுநகர் தாண்டிருச்சும்மா."

"சாப்ட்டியா, வெறும் வயித்தோட வாரியா? குரல் ஏன் இப்படிக் கெடக்கு? எந்த எடுபட்டவ என்னட்டி சொன்னா உன்னைய?"

"ஒண்ணும் இல்லம்மா. வீட்டுக்கு வந்து பேசுறேன், வை."

"வீடென்ன வீடு. நம்மூரு ரோடு பிரியிற விலக்குலதான் நிக்கேன். வா, கழுதை, வா."

கேட்டீங்களா? எம்.எஸ்சி. படிச்சிருக்கேன். மூதி, கழுதை. நான் மனசு ஒடிஞ்சு ஊருக்கு வர்றேன், ஒரு நல்ல வார்த்தை வருதா பாருங்க. நீங்க ஏன்க்கா சிரிக்கிறீங்க? இல்ல, சிரிச்சீங்க. பாப்பா தலையைத் தடவிக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிச் சிரிச்சீங்க.

கண்டக்டர் அண்ணே, அடுத்த விலக்கு இறங்கணும்!

அந்தா நிக்கிறாங்க பாருங்க, வேப்ப மரத்து நிழல்ல நிக்காம ரோட்டு மேலயே, முந்தானையைத் தலையில போட்டுக்கிட்டு. இன்னைக்கு வேலைக்குப் போகல போல. ஒவ்வொரு பஸ்ஸா எட்டிப் பார்த்துக்கிட்டு நின்னிருப்பாங்க. கையில என்னமோ பொத்தி வச்சிருக்காங்க, தெரியுதா? உப்பும் மிளகாயுமாத்தான் இருக்கும். என் குரல் சரியில்லைன்னா முதல்ல அதைத்தான் தேடுவாங்க, விலக்குக் கடையிலயே வாங்கியிருப்பாங்க. இப்போ இறங்கின உடனே, பஸ்ஸுல இருக்கிற அத்தனை பேரும் பார்க்க, நடு ரோட்டுல என்னை நிக்க வச்சுச் சுத்துவாங்க.

பையைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கக்கா. நீங்களாவது அந்தப் பக்கம் பார்க்காதீங்க. எனக்கு மானம் போகுது.